பாலைவனத்தில் காற்றுக்கு எங்கே போவது?

நல்ல வண்டி. 4 சக்கரங்களும் இழுக்கும் வண்டி. டயர்களில் 36 பவுண்டு காற்று கச்சிதமாக இருக்கிறது. அதை ஓட்டி வந்தவர் ஒரு மணல் மலையின் அடிவாரத்தில் நிறுத்துகிறார். இறங்குகிறார். குனிந்து டயரில் உள்ள காற்றைப் பிடுங்கி விடுகிறார்!

"புஸ்...!"

ஒரு டயர் அல்ல. 4 டயர்களிலும் இப்படியே செய்கிறார். பாதிக் காற்று போனதும் நிறுத்துகிறார். டயர்கள் தொந்தி சரிந்தது போல நிற்கின்றன.

டயரில் காற்று இறங்கி விட்டால் நாம் கவலைப்படுவோம். இவர் வேண்டுமென்றே இறக்குகிறார். ஏன்?

இது ஆஸ்திரேலியாவில் உள்ள சிம்ப்சன் பாலைவனத்தில் அன்றாடம் நடக்கும் காட்சி. துபாயில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போய், பாலைவனச் சவாரி செய்து வந்தவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். மணல் தொடங்கும் இடத்தில் டிரைவர் இறங்கிக் காற்றைத் திறந்து விடுவார்.

இறக்குவது எளிது. ஓர் ஆணி கூடப் போதும். இறக்கிய காற்றை மீண்டும் ஏற்ற வேண்டுமே? சுற்றிலும் நூறு கிலோ மீட்டருக்குக் கடையும் இல்லை, பெட்ரோல் பங்கும் இல்லை. அதற்காகத்தான் வண்டிக்குள்ளேயே காற்றடிக்கும் எந்திரத்தைப் பொருத்திக் கொள்கிறார்கள். அதன் பெயர் கம்ப்ரசர்.

தமிழ்நாட்டை விடப் பெரியது

சிம்ப்சன் பாலைவனத்தின் பரப்பு சுமார் 1 லட்சத்து 76 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1 லட்சத்து 30 ஆயிரம். தமிழ்நாட்டைத் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும்.

அங்கே 1,100 மணல் மேடுகள் இருக்கின்றன. ஏர் உழுத சால் போல, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நீண்டு கிடக்கின்றன. குறுக்கே கடப்பவர் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். எதிரே வரும் வண்டி தெரியாது. அதற்காக, உயரமான கம்பியில் கொடி கட்டிக் கொண்டுதான் போக வேண்டும் என்று அங்கே விதி. வண்டிக்கு முன்னால் கொடி தலைகாட்டும்!

கிழக்குக் கோடியில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரியது. சிவப்பு மணல். சுமார் 40 மீட்டர் உயரம். "பிக் ரெட்" என்று அழைக்கிறார்கள். "பெரிய சிவப்பன்" என்று நாம் சொல்லலாம். பக்கத்து ஊர் பேர்ட்ஸ்வில். சுமார் 35 கிலோ மீட்டர் தூரம். அந்த ஊரிலும் நூறு பேர் அளவில்தான் வசிக்கிறார்கள்.

வாங்கங்குரு என்ற பழங்குடி மக்கள், கிணறுகள் இருக்கும் இடத்தை அறிந்து இந்தப் பாலைவனத்தில் வாழ்ந்தவர்கள். வெள்ளைக்காரர்களில் முதன்முதலாக இதைக் கடந்தவர் டெட் கோல்சன். 1936ம் ஆண்டு ஒட்டகங்களுடன் கடந்தார். மோட்டார் வண்டியில் முதலில் கடந்தவர் ரெக் ஸ்ப்ரிக். நில ஆராய்ச்சி நிபுணர். 1962ம் ஆண்டு மனைவியையும் 2 குழந்தைகளையும் கூட்டிக் கொண்டு கடந்து விட்டார்!

இன்று பலர் போய் வருகிறார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலைவனப் பூங்காவை மூடி விடுகிறார்கள். அது அங்கே கோடைகாலம். வெயில் 45 டிகிரியையும் தாண்டும்.

அந்தப் பக்கத்தில் வண்டி நின்று விட்டால் என்ன ஆகும்? 1963ம் ஆண்டு டிசம்பர் மாதம், பேர்ட்ஸ்வில் பாதையில் ஒரு குடும்பம் காரில் போனது. வழி தவறியது. பெட்ரோல் தீர்ந்தது. 5 பேரும் தாகத்தால் மாண்டார்கள். அதற்கு டயர் காரணம் அல்ல. ஆனால் அந்த இடத்தில் வண்டி ஓடவில்லை என்றால், எந்தக் காரணமானாலும் முடிவு ஒன்றாகி விடக்கூடும்.

ஒட்டகத்தின் பாதம்

காற்றை ஏன் இறக்க வேண்டும்?

ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள். தரையில் வைத்ததும் அகலமாக விரியும். பாரம் பரவி விடும். அதனால் மணலில் புதையாது.

காற்று நிறைந்த டயர் குதிகால் போன்றது. சிறிய இடத்தில் முழுப் பாரமும் இறங்கும். மணலைத் தோண்டும். சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளம் ஆழமாகும். கடைசியில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்து விடும். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகிறது. பக்கவாட்டில் விரிவதை விட, முன்னும் பின்னும் நீளமாகப் படிகிறது. புல்டோசரின் சங்கிலிச் சக்கரம் போல மணல் மேல் நடக்கிறது.

சாலையில் 36 பவுண்டு என்றால் மணலில் 16 முதல் 18 பவுண்டு போதும். 12க்கும் கீழே இறக்கினால், திருப்பத்தில் டயர் இரும்பு வளையத்தை விட்டுக் கழன்று விடலாம். அதனால் அளவு பார்க்கும் கருவி கையில் இல்லாமல் யாரும் காற்றை இறக்கக் கூடாது. கண்ணால் பார்த்து மதிப்புப் போடுகிறவர்கள் உண்டு. அது கெட்டிக்காரத்தனம் அல்ல.

சரி. மணல் முடிந்தது. தார்ச் சாலை வந்து விட்டது. 16 பவுண்டு காற்றோடு அப்படியே 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகலாமா?

கூடவே கூடாது!

ஓர் இரும்புக் கம்பியை எடுத்து முன்னும் பின்னும் விடாமல் வளைத்துப் பாருங்கள். வளையும் இடம் சுடும். காற்றில்லாத டயரின் பக்கச் சுவரும் ஒவ்வொரு சுற்றிலும் அப்படி வளைந்து நிமிர்கிறது. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான தடவை! சூடு ஏறுகிறது. உள்ளே இருக்கும் ரப்பரும் நூலும் பிரிகின்றன. வேகமாகப் போகும்போது டயர் வெடிக்கிறது. திருப்பத்தில் ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்காது. மணலில் தப்பியவர் சாலையில் சாகக் கூடாது அல்லவா? ஏற்ற வழி இல்லாதவர் இறக்கவும் பயப்படுவார். காற்றை இறக்காமலே மணலில் ஏறுவார். புதைவார்.

வாத்து கற்றுக் கொடுத்த வித்தை

இந்த வித்தை புதிதல்ல. ரால்ப் பாக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, எகிப்து, லிபியா பாலைவனங்களில் போர்டு கார்களை ஓட்டி ஆராய்ந்தார். 1930ம் ஆண்டை ஒட்டிய காலம் அது. டயரில் காற்றைக் குறைத்து மணல் மேட்டில் ஏறுவதை அவரும் நண்பர்களும் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில், 1940ம் ஆண்டு, பாலைவனத்தில் நெடுந்தூரம் போகும் ஒரு படையை அமைத்தார். காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று 1941ம் ஆண்டு ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். செவ்வாய்க் கிரகத்தில் உள்ள சில மணல் மேடுகளுக்கு இன்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்!

அதே போரில் அமெரிக்கர்கள் ஒரு விசித்திர வண்டியைச் செய்தார்கள். 6 சக்கர லாரி. தண்ணீரில் படகு போல மிதக்கும். கரையில் லாரி போல ஓடும். அதற்கு "டக்" என்று பெயர். வாத்து என்று பொருள். பெயருக்கு ஏற்ற வண்டிதான்.

கடலில் இருந்து கரைக்கு வரும்போது கடற்கரை மணலில் புதையக் கூடாதே? குண்டு பாயும் இடத்தில் டிரைவர் இறங்கிக் காற்றைப் பிடுங்கிக் கொண்டிருக்க முடியுமா? அதனால், இருக்கையில் உட்கார்ந்தபடியே டயர்களில் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் வசதி செய்தார்கள். காற்றடிக்கும் எந்திரம் வண்டியிலேயே இருந்தது. இப்படிச் செய்த முதல் வண்டி அதுதான். 1944ம் ஆண்டு ஜூன் மாதம், பிரான்சில் நார்மண்டிக் கடற்கரையில் படை இறங்கியபோது இந்த வாத்துகள் ஓயாமல் உழைத்தன.

நம் ஊர் பஸ்சிலும் லாரியிலும் கூடக் கம்ப்ரசர் இருக்கிறது. பிரேக்கை விடும்போது "புஸ்" என்று சத்தம் வருகிறதே, அது அந்தக் காற்றின் சத்தம். ஆனால் ஜீப் போன்ற சிறு வண்டிகளின் பிரேக் எண்ணெயால் இயங்குகிறது. அதில் காற்று எந்திரம் கிடையாது. வேண்டும் என்றால் நாமே பொருத்த வேண்டும்.

880 தடவை!

"கைப் பம்பு இருக்கிறதே, எதற்குச் செலவு?" என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம்.

இந்த வண்டிகளின் டயருக்குள் சுமார் 80 லிட்டர் இடம் இருக்கிறது. 16 பவுண்டில் இருந்து 36 பவுண்டுக்கு ஏற்ற, வெளியில் இருந்து சுமார் 110 லிட்டர் காற்றை உள்ளே தள்ள வேண்டும். ஒரு நல்ல பம்பு ஒரு தடவைக்கு அரை லிட்டர் தள்ளும். அப்படியானால் ஒரு டயருக்கு 220 தடவை. 4 டயருக்கு 880 தடவை! கொளுத்தும் வெயிலில் அடித்துப் பாருங்கள். தண்ணீர்ப் பாத்திரம் காலியாகி விடும்.

நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளும் கம்ப்ரசர், ஒரு டயரை 2 நிமிடத்தில் நிரப்பி விடும். குழாயைக் கழற்றி மாட்டும் நேரத்தையும் சேர்த்து, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வேலை முடிந்து விடும்.

வேறு வழிகளும் உண்டு. சிகரெட் பற்ற வைக்கும் துளையில் சொருகும் சிறிய பம்பு ஒன்று. சின்னக் காருக்கு அது போதும். பெரிய டயர் என்றால் திணறும். சூடேறி நின்று விடும். அந்தத் துளையால் நிறைய மின்சாரம் கொடுக்கவும் முடியாது. கரியமில வாயு நிரப்பிய உருளை இன்னொன்று. வேகமாக நிரப்பும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். மூன்றாவது வழி அமெரிக்க ஜீப்காரர்களின் கைவேலை. பழைய கார்களில் குளிர்சாதனத்துக்காக இருந்த "யார்க்" கம்ப்ரசரை எடுத்து, என்ஜினோடு பெல்ட் போட்டு ஓட்டி, காற்றடிக்க வைத்தார்கள். அதற்குத் தன் எண்ணெய்த் தொட்டி தனியாக இருந்ததால் அது தாங்கியது. இன்றைய கார்களின் குளிர்சாதன எந்திரத்தில் அப்படி இல்லை. அதைப் பார்த்து இதில் செய்தால் எந்திரம் இறுகிப் போகும்.

பெரும்பாலோர் இன்று விரும்புவது, பேட்டரியில் ஓடும் கம்ப்ரசரை வண்டியில் நிரந்தரமாகப் பொருத்துவதைத்தான். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் 1975ம் ஆண்டு தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் இதில் பெயர் பெற்றது. அந்தோணி ரொனால்டு பிரவுன் என்று அதை நிறுவியவரின் பெயர். அதன் முதல் எழுத்துகள்தான் ஏ.ஆர்.பி. வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. எதை வாங்கினாலும் பொருத்தும் முறை ஒன்றுதான்.

எங்கே வைப்பது?

கம்ப்ரசர் ஒரு சிறிய டிபன் கேரியர் அளவு இருக்கும். உள்ளே ஒரு மோட்டார், ஒரு பிஸ்டன். சைக்கிள் பம்பில் கை செய்யும் வேலையை மோட்டார் செய்கிறது.

சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடியைத் தொட்டிருக்கிறீர்களா? சுடும். காற்றை அமுக்கினால் சூடு பிறக்கும். கம்ப்ரசரும் அப்படித்தான் கொதிக்கும். ஆகவே அதை வைக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். என்ஜினின் புகைக் குழாய்க்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. என்ஜின் மீதும் பொருத்தக் கூடாது. என்ஜின் அதிரும். வண்டியின் உடம்போடு, கனமான தகட்டை வைத்து, திருகு கழலாத வாஷர் போட்டு முடுக்க வேண்டும்.

தாழ்வாகவும் வைக்கக் கூடாது. காட்டு வண்டி ஆறு, ஓடை எல்லாம் இறங்கும். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய் தண்ணீரில் மூழ்கினால் தண்ணீரையும் இழுத்து விடும். பானெட்டுக்குள் உயரமான மூலை நல்லது. இடம் இல்லை என்றால் இருக்கைக்கு அடியிலும் வைக்கிறார்கள். தூசி குறைவு. சத்தம் மட்டும் காதைத் துளைக்கும்.

கம்ப்ரசரில் இருந்து காற்று சூடாக வெளியே வரும். அங்கே சாதாரண பிளாஸ்டிக் குழாயை மாட்டினால் இளகி விடும். முதல் துண்டு, கம்பி பின்னிய குழாயாக இருக்க வேண்டும். வண்டியின் முகப்பிலோ பின்புறத்திலோ, சட்டென்று மாட்டிக் கழற்றும் வாய் ஒன்று வைப்பார்கள். அதில் சேறு போகாமல் மூடி அவசியம். 4 டயருக்கும் எட்டும்படி நீளக் குழாய் ஒன்று தனியாக இருக்கும்.

தீ பிடிக்கும் இடம்

இதுவரை சொன்னதில் தவறினால் எந்திரம்தான் கெடும். இனிச் சொல்வதில் தவறினால் வண்டியே எரியும். வண்டிக்குள் வீட்டார் இருப்பார்கள். கவனமாகப் படியுங்கள்.

கம்ப்ரசர் ஓடும்போது 20 முதல் 30 ஆம்பியர் வரை மின்சாரம் குடிக்கும். இரட்டை மோட்டார் உள்ளது அதைப் போல இரண்டு பங்கு குடிக்கும். சாதாரண ஹெட்லைட் பல்பு ஒன்று குடிப்பது 5 ஆம்பியர் அளவுதான். அதாவது ஒரே நேரத்தில் 6 ஹெட்லைட் பல்புகளை எரிப்பது போல! மெல்லிய ஒயர் போட்டால் சூடாகும். மேல் உறை உருகும். ஆகவே தடித்த ஒயர் வேண்டும். வண்டியில் ஏற்கனவே ஓடும் ஒயர் எதிலும் ஒட்டுப் போடாமல், நேராகப் பேட்டரியில் இருந்து இழுக்க வேண்டும்.

அந்த ஒயரில் பியூஸ் இருக்க வேண்டும். எங்கே? பேட்டரியின் பக்கத்திலேயே. ஒரு சாண் தூரத்துக்குள்! பல இடங்களில் பியூசைக் கொண்டுபோய்க் கம்ப்ரசர் பக்கத்தில் வைத்து விடுகிறார்கள். "பியூஸ் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பேட்டரிக்கும் பியூசுக்கும் நடுவே உள்ள ஒயருக்கு யார் காவல்? அந்த இடத்தில் ஒயர் தகரத்தில் உராய்ந்து உறை கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். ஒயர் பழுக்கக் காய்ச்சிய கம்பி போலச் சிவக்கும். பியூஸ் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும்.

கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கும். ஒயர் எதையாவது தேய்த்துக் கொண்டே இருக்கும். தகரத்தில் ஓட்டை போட்டு ஒயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். ஒரு சின்ன ரப்பர் வளையம்தான். அது இல்லாமல் எரிந்த வண்டிகள் உண்டு.

டிரைவர் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைப்பார்கள். அவ்வளவு மின்சாரமும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகப் போனால் அது கருகும். நடுவில் "ரிலே" என்ற கருவி வேண்டும். சின்னப் பையனை அனுப்பிப் பெரியவரைக் கூப்பிடுவது போலத்தான் இது. சுவிட்ச் கொஞ்சம் மின்சாரத்தை அனுப்பி ரிலேயை எழுப்பும். ரிலே பெரிய மின்சாரத்தைத் திறந்து விடும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகடிவ் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால், ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டதும் பொறி பறக்கும்.

தானே நிற்கும்

காற்று நிரம்பியதும் யார் நிறுத்துவது? குழாயில் அழுத்தம் சுமார் 150 பவுண்டு வந்ததும், ஒரு தானியங்கி சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். அழுத்தம் குறைந்ததும் மீண்டும் ஓட விடும்.

சிலர் காற்றைச் சேர்த்து வைக்க ஒரு சிறு தொட்டியும் வைக்கிறார்கள். காற்றில் உள்ள ஈரம் அதில் தண்ணீராகத் தங்கும். அடிக்கடி வடித்து விட வேண்டும். அளவு மீறினால் காற்றை வெளியே விடும் பாதுகாப்பு வால்வும் வேண்டும். காசு மிச்சம் என்று வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயின் இரு பக்கத்தையும் அடைத்து, அதையே தொட்டி ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தொட்டி அல்ல, வெடிகுண்டு. உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகச் சிதறும்.

அதே கம்ப்ரசருக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அது மட்டும் வீணாகச் சுற்றும். தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. காற்றை அனுப்பி இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் கருவி உண்டு. அதற்குக் கொஞ்சம் காற்று போதும்.

காற்றடிக்கும்போது என்ஜின் ஓடிக் கொண்டிருக்க வேண்டும். நிறுத்தி விட்டு அடித்தால் பேட்டரி இறங்கி விடும். டயரில் காற்று இருக்கும், வண்டி கிளம்பாது! ஆனால் மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடக் கூடாது. புகையில் உள்ள நச்சு வாயு ஆளைக் கொன்று விடும். வெளியே நிறுத்தி அடியுங்கள். எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று கம்ப்ரசரோடு வரும் குறிப்பில் எழுதியிருக்கும். அதை வாங்கிய அன்றே படித்து விட வேண்டும்.

எல்லாம் பொருத்தியானதும் சோதனை. அதை வீட்டு வாசலில் செய்ய வேண்டும், பாலைவனத்தில் அல்ல. ஒரு டயரில் காற்றை 16 பவுண்டுக்கு இறக்குங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு மீண்டும் ஏற்றுங்கள். எத்தனை நிமிடம் என்று குறித்துக் கொள்ளுங்கள். அதற்குள் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். லேசாக வெதுவெதுப்பாக இருக்கலாம். சுட்டால் உடனே நிறுத்துங்கள். ஒயர் போதாது என்று பொருள்.

பிறகு ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி, குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்தால் விளையாட்டாகச் செய்வார்கள். எங்கே நுரை கிளம்புகிறதோ அங்கே காற்று ஒழுகுகிறது. அந்த மூட்டை இன்னும் கொஞ்சம் முடுக்கி, மறுபடி தடவிப் பாருங்கள். நுரை வராவிட்டால், நீளக் குழாயைச் சுருட்டி, அளவு பார்க்கும் கருவியையும் அதோடு சேர்த்து, ஒரே பையில் போட்டு வண்டிக்குள் வைத்து விடலாம்.